தாமதமாக வரும் வெளிச்சம்

பள்ளத்தூரில் இருக்கும் அப்பத்தாவுக்குத் தைராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரைக்குடிக்கு அழைத்துப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம். போன முறை ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், இவ்வளவு, அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லி மடிக்கப் போனேன். அப்பத்தா விடவில்லை. "கீழே பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, அதையும் வாசி" என்றார்.

சோதனை முறை: இசிஎல்ஐஏ. விரித்தால் மின்வேதி ஒளிர்வு முறை. ரத்தத்தில் ஒரு உலோகச் சேர்மத்தைக் கலந்து, மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு வெளிச்சம் விடுகிறது என்று அளப்பார்கள் என்றேன். "என் ரத்தத்துல கரண்டு விட்டு வெளக்கெரிக்கிறாங்களாக்கும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பத்தா சொன்னது கிட்டத்தட்ட சரிதான். அந்த விளக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நிறம் வேறு, ஒளிர்தல் வேறு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சன்னல் மேலே சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்திருப்பார்கள். சாயங்கால வெயில் அதன் வழியே வந்து ஆத்தங்குடிக் கல்லில் விழும்போது பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடிகளின் நிறத்துக்கும் உலோகம்தான் காரணம். நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, பச்சைக்கு இரும்போ குரோமியமோ. ஆனால் அந்தக் கண்ணாடி வெயிலில் ஒரு பங்கை விழுங்கி மிச்சத்தை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். தானாக எந்த வெளிச்சத்தையும் உண்டாக்குவதில்லை. ஒளிர்கிற பொருள் அப்படியல்ல. ஒரு நிறத்தை விழுங்கி வேறொரு நிறத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். முருங்கைக் கீரை ஒரு கைப்பிடி எடுத்துக் கசக்கி, மருந்துக் கடை ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊற வைத்து வடிகட்டுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். நல்ல கரும்பச்சைத் தண்ணீர் கிடைக்கும். விளக்கை அணைத்துவிட்டு, ரூபாய் நோட்டைச் சோதிக்கிற ஊதா டார்ச்சை அதன் மேல் அடியுங்கள். டார்ச்சைக் கண்ணில் அடித்துக்கொள்ளாதீர்கள். பச்சையாக இருந்த தண்ணீர் ரத்தச் சிவப்பில் ஒளிரும். நான் கல்லூரியில் முதன்முதலாகப் பார்த்தபோது யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒளிர்வது பச்சையம். பச்சையமும் ஒரு உலோகச் சேர்மம்தான். நடுவில் ஒரு மக்னீசியம் அயனி, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கரிம வளையம். இப்படி நடுவில் உலோகமும் சுற்றிலும் அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறுகளுமாக இருப்பதைத்தான் அணைவுச் சேர்மம் என்று பிளஸ் டூ புத்தகத்தில் படித்தோம். சுற்றியிருப்பவற்றுக்கு ஈனி என்று பெயர். ஏறக்குறைய அதே வளையத்தில் மக்னீசியத்துக்குப் பதில் இரும்பு உட்கார்ந்தால் அது ரத்தத்தின் ஹீம். கோபால்ட் உட்கார்ந்த நெருங்கிய உறவுக்கார வளையம் வைட்டமின் பி12.

கீரையை மூடி போட்டு வேக வைக்காதே, நிறம் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா? வேகும்போது கீரையிலிருந்து அமிலம் வெளிவருகிறது. மூடி இருந்தால் அது ஆவியாகப் போகாமல் உள்ளேயே நின்று மக்னீசியத்தைக் கழற்றிவிடும். பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். அந்தக் காலியிடத்தில் செம்பை உட்கார வைத்தால் மறுபடி பளிச்சென்ற பச்சை வரும். ஆனால் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒளிராது. செம்பு அந்த ஆற்றலைச் சூடாக்கிக் கரைத்துவிடும். நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆளை மாற்றினால் மூலக்கூறின் குணமே மாறிவிடுகிறது. ஒளிரும் உலோகச் சேர்மங்களில் வேலை செய்பவர்கள் இந்த உலோகத்தை மாற்றி, அந்த ஈனியை மாற்றி என்று இதையேதான் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, ஒளிர்தல் எப்படி நடக்கிறது?

எங்கள் ஊர் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் போய்ப் பின்வாசல். மூலக்கூறில் இருக்கும் எலக்ட்ரான் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு முகப்பு வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சாயத்தில் அது வந்த வழியே உடனே திரும்பிவிடும். திரும்பும்போது வாங்கிய ஆற்றலில் கொஞ்சத்தைச் சூடாக இழந்து, மிச்சத்தை வெளிச்சமாகக் கொடுக்கும். கொஞ்சம் குறைந்துவிட்டதால்தான் ஊதா வாங்கிச் சிவப்பு கொடுக்கிறது. இதெல்லாம் சில நானோ நொடிக்குள், அதாவது ஒரு நொடியை நூறு கோடியாக வெட்டினால் வரும் துண்டுகளில் நாலைந்துக்குள் முடிந்துவிடும். பச்சையமும் இந்த ரகம்தான். மக்னீசியம் லேசான உலோகம், அதனால் எலக்ட்ரானின் போக்கில் பெரிதாகக் குறுக்கிடாது.

ருத்தேனியம், இரிடியம், பிளாட்டினம் போன்ற கனமான உலோகங்கள் இருந்தால் கதை வேறு. ஒரு ஜோடியாக இருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் எதிரெதிராகச் சுழல வேண்டும் என்பது விதி. கனமான அணுக்கரு பக்கத்தில் இருந்தால், உள்ளே வந்த எலக்ட்ரானின் சுழற்சியைத் திருப்பிவிடுவது எளிது. திருப்பிவிட்டால் அது வந்த வழியே போக முடியாது. இரண்டாம் கட்டுக்குள் தள்ளப்பட்டு, இறுகிப்போன பின்கதவை முட்டிக்கொண்டு நிற்கும். பர்மா தேக்கு இறுகாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பின்கதவு ஐப்பசி மழையில் இறுகும், அந்தக் கதவைத்தான் சொல்கிறேன். கதவு திறக்கத் திறக்கத்தான் வெளிச்சம் வரும். இதற்கு நின்றொளிர்தல் என்று பெயர். பெயர் வைத்தவரைப் பாராட்டலாம், அது நிஜமாகவே நின்று ஒளிர்கிறது.

எவ்வளவு நேரம் நிற்கும்? ஆய்வகத்தில் சாதாரணமாகப் புழங்கும் ஃபுளோரசின் சாயம் சுமார் 4 நானோ நொடி நிற்கும். ருத்தேனியத்தைச் சுற்றி மூன்று பைபிரிடின் ஈனிகள் இருக்கும் புகழ்பெற்ற சேர்மம், ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரில் சுமார் 600 நானோ நொடி. யூரோப்பியம் சேர்மங்கள் ஒரு மில்லி நொடி அளவுக்குக்கூட நிற்கும். இந்த எண்கள் மனதில் ஒட்டாது. எனவே அந்த 4 நானோ நொடியை ஒரு நொடியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்போது ருத்தேனியம் இரண்டரை நிமிடம் நிற்கும். யூரோப்பியம் ஏறக்குறைய மூன்று நாள் நிற்கும்.

இந்தத் தாமதத்தை வைத்துத்தான் மருத்துவத்தில் இத்தனை வேலையும் நடக்கிறது.

அப்பத்தாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அங்கே எலக்ட்ரானை உள்ளே அனுப்புவதற்கு வெளிச்சம்கூடத் தேவையில்லை, மின்சாரமே போதும். டிஎஸ்ஹெச் ஹார்மோனைப் பிடிக்கும் இரண்டு எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) சேர்ப்பார்கள். ஒன்றின் வாலில் பயோட்டின் என்ற வைட்டமின், இன்னொன்றின் வாலில் அந்த ருத்தேனியம் சேர்மம். ஹார்மோன் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பயோட்டினை விடாமல் பிடிக்கும் புரதம் பூசிய காந்தத் துகள்களைப் போட்டு, மொத்தத்தையும் ஒரு மின்முனைமேல் காந்தத்தால் இழுத்து வைப்பார்கள். ஒட்டாததைக் கழுவித் தள்ளிவிட்டு மின்னழுத்தம் கொடுத்தால், ருத்தேனியம் ஒரு எலக்ட்ரானை இழக்கும். கூடவே இருக்கும் ட்ரைபுரோப்பைலமைன் என்ற துணைப் பொருளும் எலக்ட்ரானை இழந்து, உருமாறி, ருத்தேனியத்துக்கு ஒரு எலக்ட்ரானை வேகமாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த வேகத்தில் ருத்தேனியம் கிளர்ந்து, 620 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் வெளிச்சம் விட்டுப் பழைய நிலைக்கு வரும். வந்தவுடன் அடுத்த சுற்று. துணைப் பொருள்தான் தீர்கிறது, ருத்தேனியம் தீர்வதில்லை. ஹார்மோன் அதிகமென்றால் மாட்டிய ருத்தேனியம் அதிகம், வெளிச்சமும் அதிகம்.

மின்வேதியியல் என்ற சொல் காரைக்குடிக்காரர்களுக்குப் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் ஊருக்கு வந்தது. 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் திறந்தார்கள். சின்ன வயதில் பஸ்ஸில் அந்த மதில் சுவரைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே பேட்டரி செய்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். மின்முனைமேல் வெளிச்சம் உண்டாக்குவதும் அதே படிப்பில் ஒரு கிளை என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு உபயோகமான விஷயம். முடி கொட்டுகிறது என்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் கொடுக்கும் முன் லேபில் அதைச் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் காந்தத் துகள்களில் இடம்பிடித்துக்கொண்டால், டிஎஸ்ஹெச் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிய வாய்ப்பு உண்டு. எங்கள் அக்கா ஒருத்திக்கு இப்படித்தான் ரிப்போர்ட் ஒன்றும் உடம்பு ஒன்றும் சொல்ல, டாக்டர் மாத்திரை அளவை மாற்றும் வரைக்கும் போய், பிறகு காரணம் பிடிபட்டது. கேட்டுப் பதிவு செய்ய வேண்டியது லேபின் வேலை, அவர்கள் கேட்கவில்லை. இப்போதைய சில கருவிகளில் இந்தச் சிக்கலைக் குறைத்திருக்கிறார்கள், ஆனாலும் சொல்லிவிடுவதில் நட்டமில்லை.

அப்புறம் படம் பிடிக்கும் வேலை. உயிருள்ள செல்லுக்குள் ஏதாவது ஒன்றை ஒளிரவைத்து நுண்ணோக்கியில் பார்க்க நினைத்தால் ஒரு தொல்லை உண்டு. செல்லே கொஞ்சம் ஒளிரும். அதில் இருக்கும் புரதங்கள், வைட்டமின்கள் எல்லாம் ஊதா வெளிச்சத்தில் மங்கலாக மினுங்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைக் குரல் கொடுத்துத் தேடுவது மாதிரி. ஆனால் அந்த மினுங்கல் எல்லாம் சில நானோ நொடியில் அடங்கிவிடும். வெளிச்சத்தை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பிறகு கேமராவைத் திறந்தால்? கூட்டம் கலைந்திருக்கும். நின்று ஒளிரும் உலோகம் மட்டும் தெரியும்.

இதற்கு யூரோப்பியமும் டெர்பியமும் கைதேர்ந்தவை. முன்னது சிவப்பு, பின்னது பச்சை. பழைய டப்பா டிவியில் சிவப்பு நிறத்தைக் கொடுத்ததும் யூரோப்பியம்தான். ஆனால் இவற்றிடம் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. வெளிச்சத்தைத் தானாக விழுங்கவே தெரியாது. அதனால் ஈனியைக் கூரையாக வைக்கிறார்கள். எங்கள் வீட்டு வளவில் நாலு பக்கக் கூரையும் உள்ளே சரிந்திருக்கும். மழை ஓட்டில் விழுந்து, வழிந்து, மூலையில் வைத்த அண்டாவில் கொட்டும். வாய் சின்னதாக இருக்கும் அண்டாவை வெட்டவெளியில் வைத்தால் எப்போது நிறைவது! ஈனி அகலமாக வெளிச்சத்தைப் பிடித்து உலோகத்துக்கு வழியவிடுகிறது. யூரோப்பியம் சேர்மங்களில் இப்படி நடப்பதை 1942ல் வெய்ஸ்மன் காட்டினார். ஈனிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர் மூலக்கூறு நேரடியாக ஒட்டினால் யூரோப்பியத்தின் ஆற்றலை அதிர்வாக உறிஞ்சிவிடும், அதனால் தண்ணீரை அண்டவிடாமல் ஒரு கூண்டு மாதிரி சூழ்ந்திருக்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வடிதாளில் வைத்துச் சோதிக்கிறார்கள் அல்லவா, பிறவித் தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க? அதற்கு உலகின் பல ஆய்வகங்கள் பயன்படுத்துவது இந்த யூரோப்பிய முறைதான். பின்லாந்தில் 1980களில் வளர்ந்த நுட்பம். எண்பது வயது அப்பத்தாவுக்கும் பிறந்து மூன்று நாளான குழந்தைக்கும் அளப்பது அதே டிஎஸ்ஹெச், உலோகம்தான் வேறு.

இன்னொரு அழகான சேர்மத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 1990ல் ஜாக்குலின் பார்ட்டனும் கூட்டாளிகளும் ஒரு ருத்தேனியம் சேர்மத்தைப் பற்றி எழுதினார்கள். தண்ணீரில் அது ஒளிராது. டிஎன்ஏவைச் சேர்த்தால் அதன் தட்டையான ஈனி ஏணிப்படிகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். அங்கே தண்ணீர் தீண்டாது, உடனே சுவிட்ச் போட்ட மாதிரி எரியும்.

இனி சிகிச்சை. மேலே ருத்தேனியத்தின் 600 நானோ நொடியைச் சொல்லும்போது ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரில் என்றேன். ஏன் நீக்க வேண்டும்? பின்கதவில் முட்டிக்கொண்டு நிற்கும் எலக்ட்ரானிடமிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ள ஆக்சிஜனால் முடியும். அது அபூர்வமான மூலக்கூறு, சாதாரண நிலையிலேயே ஒரே பக்கமாகச் சுழலும் இரண்டு ஜோடியில்லா எலக்ட்ரான்கள் அதில் உண்டு. அதனால் சுழற்சி விதி இந்தக் கைமாற்றத்துக்குக் குறுக்கே நிற்பதில்லை. சாதாரணச் சாயத்தில் ஆக்சிஜன் வந்து சேர்வதற்குள் எலக்ட்ரான் திரும்பிப் போய்விடும். நின்றொளிர்வதில் அதற்கு நேரம் கிடைக்கிறது.

பிடுங்கியதால் சேர்மத்தின் வெளிச்சம் மங்கும். எவ்வளவு மங்கியது என்று பார்த்தால் அங்கே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரியும். புற்றுக்கட்டிகளின் உள்ளே ஆக்சிஜன் குறைவாக இருக்கும் பகுதிகளைக் கண்டுபிடிக்க பிளாட்டினம், பல்லேடியம், இரிடியம் சேர்மங்களை ஆய்வகங்களில் இப்படிப் பயன்படுத்துகிறார்கள்.

பிடுங்கிக்கொண்ட ஆக்சிஜன் சும்மா இருக்காது. ஒற்றை நிலை ஆக்சிஜன் என்ற முரட்டு வடிவத்துக்கு மாறி, பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம் எதையும் தாக்கும். தண்ணீரில் அதன் ஆயுள் சில மைக்ரோ நொடிதான். செல்லுக்குள் அதைவிடக் குறைவு. எனவே பிறந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் போகாது. இதுதான் வசதி. மருந்து உடம்பெல்லாம் பரவியிருந்தாலும், வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் செல் சாகும். ஒளி இயக்கச் சிகிச்சை என்பது இதுவே. இதன் முதல் தடயம் 1900ல் மியூனிக்கில் கிடைத்தது. ஆஸ்கர் ராப் என்ற மாணவர் ஒருசெல் உயிரிகளை அக்ரிடின் சாயத்தில் விட்டபோது, வெளிச்சத்தில் வைத்தவை செத்தன, இருட்டில் வைத்தவை பிழைத்தன.

வெளிச்சம் உடம்புக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் பெரிய தடை. செல்போன் டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பாருங்கள், மறுபக்கம் சிவப்பு மட்டும் வரும். நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீம் விழுங்கிவிட்டது. சுமார் 650 முதல் 900 நானோமீட்டர் வரையான ஆழ்சிவப்புப் பகுதிதான் கொஞ்சம் ஆழம் போகும், அதுவும் சென்டிமீட்டர் கணக்கில்தான். நீலத்தை வாங்கும் அந்தப் பழைய ருத்தேனியம் சேர்மம் உடம்புக்குள் உதவாது.

முருங்கைக் கீரையை நினைவு வைத்திருக்கிறீர்களா? ஒளிச்சேர்க்கை செய்யும் சில பாக்டீரியாக்களிலும் பச்சையத்தின் உறவுக்கார மூலக்கூறு உண்டு. அது ஆழ்சிவப்பை விழுங்கும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஷெர்ஸ், சாலமன் என்ற இருவர் அதை எடுத்து, நடுவில் இருந்த மக்னீசியத்தைக் கழற்றிப் பல்லேடியத்தை வைத்தார்கள். அந்த வழியில் வந்த மருந்து பாடலிபோர்ஃபின். நரம்பில் ஏற்றி, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்குள் மெல்லிய ஒளியிழைகளைச் செருகி, 753 நானோமீட்டர் லேசரை 20 நிமிடத்துக்குச் சற்று மேல் காட்டுவார்கள். மருந்து ரத்தக் குழாய்க்குள்ளேயே நிற்கும். அங்கே ஆக்சிஜனைக் கிளறிவிட்டுக் குழாயை அடைக்கும், கட்டி பட்டினியில் சாகும். ஆரம்ப நிலைப் புற்றுக்கு 2017ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2020ல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு இதை ஆதரிக்கவில்லை. மெதுவாக வளரும் புற்றை விட்டுப்பிடிப்பதா, கை வைப்பதா என்ற பழைய விவாதம் அதில் இருக்கிறது. வேதியியல் நன்றாக வேலை செய்தாலும் மருத்துவம் வேறு கணக்குப் போடும்.

ருத்தேனியத்துக்கும் மருத்துவமனை வாசல் திறந்திருக்கிறது. ஷெர்ரி மெக்ஃபார்லண்ட் குழு வடிவமைத்த டிஎல்டி-1433 என்ற சேர்மம், சிறுநீர்ப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுக்காக மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது. குழாய் வழியாக மருந்தைப் பைக்குள் விட்டு, கழுவி, உள்ளேயே பச்சை லேசரைக் காட்டுகிறார்கள். ஆழம் போகாத பச்சையை எதற்கு எடுத்தார்கள்? புற்று மேல்தோல் அளவில்தான் இருக்கிறது, அடியில் இருக்கும் தசை கெடக் கூடாது. ஆழம் போகாததே இங்கே பாதுகாப்பு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

உலோகம் என்றதும் விஷம் என்று பயப்படுவது நியாயமே, ஆனால் புதிதல்ல. பிளாட்டினம் கொண்ட சிஸ்பிளாட்டின் 1978லிருந்து புற்றுநோய் மருந்தாகப் புழங்குகிறது. அதையும் ரோசன்பெர்க் என்பவர் 1960களில் பாக்டீரியாவில் மின்சாரம் விட்டுப் பார்த்தபோது, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினத்தால் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். மறுபடி மின்வேதியியல்! சிஸ்பிளாட்டின் ஒளிராது, வெளிச்சத்துக்குக் காத்திருக்காது. அதனால்தான் அது சிறுநீரகத்தையும் சேர்த்துப் பதம் பார்க்கிறது.

ஒளி மருந்துகளுக்குப் பக்கவிளைவு வேறு மாதிரி. மருந்து தோலில் மிச்சமிருக்கும் வரை வெயில் ஆகாது. பாடலிபோர்ஃபினுக்கு 48 மணி நேர எச்சரிக்கை போதும். உலோகமில்லாத பழைய போர்ஃபிரின் மருந்து ஒன்றுக்குக் குறைந்தது 30 நாள். அந்தப் பழைய மருந்து எடுத்தவர்களுக்குச் சொல்லப்படும் இன்னொரு அறிவுரை விசித்திரமாக இருக்கும். இருட்டறையில் அடைந்து கிடக்காதீர்கள் என்பார்கள். வீட்டுக்குள் வரும் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தால், தோலில் தங்கிய மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துச் செயலிழந்துவிடும். முற்றத்துப் பக்கம் வேண்டாம், இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் உட்காருங்கள் என்று எங்கள் ஊரில் சொல்லலாம்.